வாசகர் கேள்வி – பதில்: நம் கைக்கேற்ற கோல்ஃப் மட்டை

இந்த இதழுக்கு வந்த கோல்ஃப் கடிதங்களில் பெரும்பாலானவை மூணாறு, தேவிகுளம், மறையூர், குமுளி, கொழிஞ்சாம்பாறை என்று கேரள எல்லையோரத்துத் தமிழர் ஊர்களிலிருந்து வந்திருக்கின்றன. சிறு வயதில் மூணாற்றில் மட்டைப் பை சுமந்து, பிறகு ஆட்டம் சொல்லிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் அவற்றைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது. ஆடும் கருவியை ஆங்கிலத்தில் ‘கிளப்’ என்பார்கள்; ஆனால் நம் மலையில் ‘கிளப்’ என்றால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மூணாற்றின் ஹைரேஞ்ச் கிளப் என்பதால், அதை இங்கே ‘மட்டை’ என்றே எழுதுகிறேன்.

மறையூர் வாசகர்: ஐயா, என் அக்காள் மகன் துபாயில் வேலை செய்கிறான். பொங்கலுக்கு வரும்போது எனக்கு ஒரு முழு செட் வாங்கி வருவதாகச் சொல்கிறான். எனக்கு வயது ஐம்பத்திரண்டு, உயரம் ஐந்தடி நான்கு அங்குலம், ஆடத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. அமெரிக்க வீரர் ஸ்காட்டி ஷெஃப்லர் வைத்திருக்கும் அதே அயர்ன்களை (தட்டையான உலோகத் தலையுள்ள மட்டைகளை) வாங்கச் சொல்லலாமா?

தயவுசெய்து வேண்டாம். ஷெஃப்லர் நெடுநாளாகப் பயன்படுத்திவரும் அயர்ன்கள் முதலில் டைகர் உட்ஸின் தேவைக்காக டெய்லர்மேட் நிறுவனம் வடிவமைத்தவை. முதுகு வழித்தாற்போல் இருக்கும் இந்த வகையை ‘பிளேடு’ என்பார்கள். இதில் எடை பெரும்பாலும், பந்தில் படும் முகத்தின் நடுவிலுள்ள ஒரு சிறிய இடத்துக்குப் பின்னால் குவிந்திருப்பதால், பந்து அந்த இடத்தில் பட்டால் அதைப் போன்ற சுகம் வேறில்லை. அரை அங்குலம் தள்ளிப் பட்டாலோ மட்டை கையில் முறுக்கிக்கொள்ளும், கை அதிரும், பந்தும் பாதி வழியில் விழுந்துவிடும். ஷெஃப்லரைப் போன்றவர்கள் நாள் தவறாமல் மணிக்கணக்கில் பந்தடித்து அந்த இடத்தைத் தேடிக் கண்டவர்கள். ஓராண்டு ஆடியவருக்கு அந்த மட்டை ஒவ்வொரு பந்திலும் தண்டனைதான் தரும்.

பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம், பிங் நிறுவனத்தைத் தொடங்கி, மட்டைத் தலையின் எடையை நடுவிலிருந்து எடுத்து ஓரங்களுக்குக் கொண்டு போனார். எடை ஓரத்தில் இருந்தால், பந்து சற்றுத் தள்ளிப் பட்டாலும் தலை முறுக்கிக்கொள்ளாது. 1960களில் அவர் இவ்வாறு செய்த மாற்றம்தான் இன்றைக்குக் கடைகளில் கிடைக்கும் குழிந்த முதுகுடைய அயர்ன்களுக்கெல்லாம் தாய். உங்களுக்கு வேண்டியது இந்த வகைதான், எந்த நிறுவனத்தின் பெயர் அதில் இருந்தாலும் சரி.

நிறுவனத்தின் பெயரைவிட நீளமும் சாய்வும் தண்டின் விறைப்பும் முக்கியமானவை என்பதை நான் காசு கொடுத்துக் கற்றேன். இருபத்தைந்து வயதில், சமவெளியிலுள்ள ஒரு கடையில், “ஆண்பிள்ளைகள் ஸ்டிஃப் தண்டில்தான் ஆட வேண்டும்” என்று விற்பனையாளர் சொன்னதை நம்பி, ஆறு மாதச் சேமிப்பைக் கொடுத்து விறைத்த எஃகுத் தண்டு போட்ட ஒரு செட்டை வாங்கினேன். என்னுடைய வீச்சு அந்தத் தண்டை வளைக்கவே போதவில்லை. பந்து தாழ்வாகப் போய் வலப்புறம் விழுந்தது. அதைச் சரிசெய்வதற்காக நான் தோளை வீணாகத் திருப்பித் திருப்பி ஆடியதில் இருந்த வீச்சும் கெட்டது. அதை மீட்க எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் ஆடுகிறவர்கள், மிக நெடுந்தூரம் அடிப்பதற்கான ‘டிரைவர்’ மட்டையை மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறார்கள். உங்கள் வயதில் ஓராண்டு ஆடியவரின் வீச்சு 130 கிலோமீட்டரைத் தொட்டாலே நல்லது. அந்த வேகத்துக்கு ரெகுலர் அல்லது சீனியர் என்று குறித்த, எடை குறைந்த கிராஃபைட் தண்டுகளே பொருந்தும்.

உங்கள் உயரமும் கவனிக்க வேண்டியது. கடையில் தொங்கும் மட்டைகள் ஏறத்தாழ ஐந்தடி ஒன்பது அங்குல உயரமுள்ளவரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. ஐந்தடி நான்கு அங்குலம் உள்ளவர் அதைப் பிடித்து நின்றால் தலையின் மூக்கு, அதாவது தண்டுக்கு எதிர்முனை, மேலே தூக்கிக்கொள்ளும். வலக்கை ஆட்டக்காரரின் பந்து அப்போது இடப்புறம் இழுத்துக்கொண்டு போகும். இதைத் தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி இருக்கிறது. மட்டையின் அடிப்பகுதியில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, ஒரு பலகையின் மேல் வைத்துச் சில பந்துகளை அடியுங்கள். தேய்ந்த தடம் தண்டுப் பக்கமாக இருந்தால் மூக்கு தூக்கியிருக்கிறது என்று பொருள். நடுவில் இருந்தால் உங்களுக்குச் சரி. மட்டையின் கோணத்தை ஓரிரு பாகை வளைத்துக் கொடுப்பதும், தண்டை அரை அங்குலம் குறைப்பதும் பட்டறைக்காரருக்குச் சிறு வேலைதான். ஆகையால் உங்கள் மருமகனிடம் மாதிரியின் பெயரைச் சொல்லி அனுப்புவதற்குப் பதிலாக, நிமிர்ந்து நின்று மணிக்கட்டிலிருந்து தரை வரைக்குமான அளவை எடுத்து அனுப்புங்கள்.

முழு செட்டும் இப்போது வேண்டாம். 10.5 முதல் 12 பாகை வரை சாய்வுள்ள ஒரு டிரைவர், டிரைவருக்கும் அயர்னுக்கும் இடைப்பட்ட ஒரு ஹைப்ரிட், 6, 8 எண் அயர்ன்கள் (எண் குறையக் குறையப் பந்து தூரம் போகும்), குறுந்தூரத்துக்கு உயர்த்தி அடிக்கும் ஒரு பிட்சிங் வெட்ஜ், மணல் குழிக்கான ஒரு சாண்ட் வெட்ஜ், பந்தைக் குழிக்குள் உருட்டும் ஒரு பட்டர் ஆகிய ஏழும் உங்களுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்குப் போதும். நல்ல நிலையில் உள்ள பழைய மட்டைகளாக வாங்கினாலும் குறைவில்லை. பிடி ரப்பரை மட்டும் புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

ஷெஃப்லரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உலகின் முதல் நிலை வீரராக இருந்தும், குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையான கிரீனில் குறுந்தூரப் பந்துகளைத் தவறவிட்டு அவர் வருந்திக்கொண்டிருந்தார். சக வீரர் ரோரி மெக்கில்ராய் வெளிப்படையாகவே, ஷெஃப்லர் பருத்த தலையுள்ள ‘மாலெட்’ வகைப் பட்டரை முயன்று பார்ப்பதைக் காண விரும்புவதாகச் சொன்னார். மார்ச் மாதம் ஷெஃப்லர் அதை எடுத்தார். அந்த வாரமே ஆர்னால்ட் பாமர் போட்டியையும், அடுத்த வாரம் பிளேயர்ஸ் போட்டியையும், ஏப்ரலில் நான்கு பெரும் போட்டிகளில் ஒன்றான மாஸ்டர்ஸையும் வென்றார். தன் குறை எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதற்குரிய மட்டையை மாற்றினார்.

தேவிகுளம் வாசகர்: மூணாற்றில் 7 அயர்னால் 150 கெஜம் அடிக்கும் எனக்குக் கோயம்புத்தூரில் அதே மட்டை 130 கெஜம்கூடத் தருவதில்லை. மட்டையில் பழுதா, என்னிடமா?

இரண்டிலும் இல்லை. மூணாறு கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல். கோயம்புத்தூர் சுமார் 400 மீட்டர். மேலே போகப் போகக் காற்று மெலிவதால் பந்துக்குத் தடை குறைகிறது. ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் தூரம் கூடுகிறது. அந்தக் கணக்கில் உங்களுடைய 150 கெஜத்தில் மலை கொடுப்பது ஆறு கெஜம் அளவுதான். அதிலும் மலைக்குளிர் கொஞ்சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், ஏனெனில் குளிர்ந்த காற்று அடர்த்தியானது, குளிர்ந்த பந்தும் துள்ளல் குறைந்தது.

மீதிக்கு வேறு இரண்டு காரணங்களைப் பாருங்கள். முதலாவது சரிவு. மலை மைதானத்தில் நீங்கள் நிற்கும் இடத்தைவிடக் கிரீன் பத்து கெஜம் தாழ்ந்திருந்தால், அந்த ஷாட் கிட்டத்தட்டப் பத்து கெஜம் குறைவான தூரமாகவே ஆடும். நூற்றைம்பது என்று பலகை சொல்வதை நூற்று நாற்பதாக எண்ணித்தான் அடிக்க வேண்டும். நம் கண் இதை எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. இரண்டாவது காற்று. தென்மேற்குப் பருவ மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பாயும் காற்று கோயம்புத்தூர்ப் பக்கத்தில் எப்படி அடிக்கும் என்பது அங்குள்ள காற்றாலைகளைப் பார்த்த எவருக்கும் தெரியும். மேற்கு நோக்கி ஆடும் குழியில் (தொடங்கும் இடத்திலிருந்து குழி வரையிலான ஆட்டப் பகுதியையும் ‘குழி’ என்றே சொல்வோம்) அந்தக் காற்று எதிரே வந்தால், 7 அயர்ன் ஆடும் இடத்தில் 5 அயர்னை எடுத்து, மெதுவாக வீசுங்கள். எதிர்காற்றில் பலமாக அடிக்க அடிக்கப் பந்தின் பின்சுழற்சி கூடி, அது மேலே எழும்பி அங்கேயே நின்றுவிடும்.

தொழில்முறை வீரரின் பை சுமக்கும் உதவியாளரான ‘கேடி’ கையில் வைத்திருக்கும் குறிப்பேட்டில் இந்தக் கூட்டல் கழித்தல்தான் நிறைந்திருக்கும். தொலைக்காட்சியில் ஷாட்டுக்கு முன் அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளும் அரை நிமிடத்தை நான் ஷாட்டைவிட ஆவலாகப் பார்ப்பேன்.

கொழிஞ்சாம்பாறை வாசகி: என் கணவருடன் ஆடக் கற்று வருகிறேன். பெண்களுக்கான மட்டைகளை வாங்கும்படி எல்லோரும் சொல்கிறார்கள். ஆறு ஆண்டுகள் மாவட்ட அளவில் வாலிபால் ஆடியவள் நான். அவை எனக்கு மிக இலேசாகத் தெரிகின்றன.

உங்கள் கை சொல்வதை நம்புங்கள், அம்மா. ‘லேடீஸ்’ என்று தண்டில் எழுதியிருப்பது ஓர் எடையையும் வளைவையும் குறிக்கும் சொல் மட்டுமே. வீச்சு வேகமாக உள்ள பெண் அதை வீசினால், தலை பின்தங்கி வந்து பந்து நான்கு திசையிலும் போகும். ஒருநாள் பயிற்சி மைதானத்தில் உங்கள் கணவரின் ரெகுலர் தண்டு மட்டையாலும், சீனியர் வகையாலும், இந்த மட்டையாலும் பத்துப் பத்துப் பந்துகளை அடித்துப் பாருங்கள். நெடுந்தூரம் போன ஒரு பந்தைக் கணக்கில் எடுக்காமல், பத்தும் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்பதைக் கொண்டு தீர்மானியுங்கள்.

தூரத்தைப் பற்றிய கவலையும் உங்களுக்கு வேண்டாம். டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் அதிதி அசோக், உலகத் தரவரிசையில் 200ஆம் இடத்திலிருந்து வந்து, டிரைவரில் தன்னைவிடப் பல கெஜம் முன்னே அடித்தவர்களுக்கு இடையே கடைசி நாள் வரை பதக்கத்துக்குப் போராடி நான்காம் இடம் பெற்றார். வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் ஆடியவர்களுக்கும் அவருக்கும் இடையே இருந்தது ஒரே ஒரு ஸ்ட்ரோக், அதாவது ஓர் அடி. பந்து கிரீனை அடைந்த பிறகு அவர் பட்டரால் செய்த வேலைதான் அவரை அங்கே கொண்டு சேர்த்தது. விடியற்காலையில் எழுந்து அதைப் பார்த்த இந்தியர்களில், அதற்கு முன் இந்த ஆட்டத்தை அறியாதவர்களும் இருந்தார்கள் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

பாலக்காடு வாசகர்: என்னிடம் ஒரே ஒரு நல்ல மட்டைக்குத்தான் பணம் இருக்கிறது. டிரைவரா, பட்டரா?

நம் பெரியவர்கள் பட்டர் என்றே சொல்வார்கள். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, பிஜிஏ டூரில் பதிவான இலட்சக்கணக்கான ஷாட்களை ஆராய்ந்து வேறு விடை கண்டார். தலைசிறந்தவர்கள் மற்றவர்களைவிட முன்னே நிற்பதில் பட்டரின் பங்கு நூற்றுக்குச் சுமார் 15. கிரீனை நோக்கி அடிக்கும் அயர்ன் ஷாட்களின் பங்கு சுமார் 40. அவருடைய கணக்கு முறையைத்தான் இன்று தொலைக்காட்சி நேர்முக வர்ணனைகளில் ‘ஸ்ட்ரோக்ஸ் கெய்ன்ட்’ என்று கேட்கிறோம்.

அந்த அளவீடுகளில் என் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: உலகின் சிறந்த வீரர்கள் எட்டடி தூரத்திலிருந்து பட்டரால் அடிக்கும் பந்துகளில் பாதிதான் குழிக்குள் விழுகின்றன. எட்டடியைத் தவறவிட்டதற்காகப் புதுப் பட்டர் வாங்க ஓடுகிறவர், உலகின் முதல் பத்து வீரர்களுக்கும் இல்லாத ஒன்றைக் கடையில் தேடுகிறார். உங்கள் பணத்தை உங்களுக்குப் பொருந்தும் 7 அல்லது 8 அயர்னில் போடுங்கள்.

மூணாறு வாசகர்: மழைக்காலத்தில் மட்டைத் தலைகள் துருப்பிடிக்கின்றன. என்ன செய்யலாம்?

தலையின் மேல் படியும் மெல்லிய துரு ஆட்டத்தைக் கெடுக்காது. சில வீரர்கள் முலாம் பூசாத வெட்ஜ்களை விரும்பியே வைத்திருக்கிறார்கள். அஞ்ச வேண்டியது எஃகுத் தண்டின் உள்ளே பிடிக்கும் துருதான். ஈரப் பையில் மட்டைகளை வைத்து மூடாதீர்கள். துடைத்து, பையைத் திறந்துவைத்து உலர விடுங்கள். பிடிகளைச் சோப்பு நீரில் கழுவுங்கள். முகத்துக்கும் பந்துக்கும் இடையே தண்ணீர் புகுந்தால் சுழற்சி குறைந்து, வெட்ஜ் பந்துகூடக் கிரீனில் நிற்காமல் ஓடும் என்பதால், ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் முகத்தைத் துடைப்பது அவசியம்.

குமுளி வாசகர்: பதினான்கு மட்டைகளுக்கு மேல் கூடாது என்ற விதி எதற்கு? மேலும், லிவ் போட்டி வந்த பிறகு தொழில்முறை ஆட்டம் பிளவுபட்டுவிட்டதே, அதைப் பற்றி உங்கள் கருத்து என்ன?

1930களில் சில வீரர்கள் இருபது, இருபத்தைந்து மட்டைகளைக் கேடியின் தோளில் ஏற்றினார்கள். ஒவ்வொரு ஐந்து கெஜத்துக்கும் ஒரு மட்டை இருந்தால், ஒரே மட்டையைப் பலவிதமாக ஆடும் கைத்திறனுக்கு வேலையில்லாமல் போய்விடும். அதனால் அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் 1938இலும், ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸிலுள்ள ஆர் அண்ட் ஏ அமைப்பு 1939இலும் பதினான்கு என்று வரம்பு வைத்தன. பை சுமந்த எனக்கு அதன் நியாயம் தோளிலும் தெரியும்.

மீறினால் தவறு நடந்த ஒவ்வொரு குழிக்கும் இரண்டு ஸ்ட்ரோக் தண்டனை. ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் நான்கு. பிரிட்டனில் நடக்கும் ஓபன் போட்டியின் 2001ஆம் ஆண்டுக் கடைசி நாளில், முன்னிலையைப் பகிர்ந்துகொண்டிருந்த இயன் வூஸ்னம், முதல் குழியில் மிகச் சிறப்பாக ஆடி முடித்து இரண்டாம் குழிக்கு வந்தபோதுதான், பயிற்சியில் முயன்ற இன்னொரு டிரைவரைப் பையிலிருந்து எடுக்கக் கேடி மறந்துவிட்டதை அறிந்தார். பையில் பதினைந்து. இரண்டு ஸ்ட்ரோக்குகளை இழந்து மூன்றாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். புறப்படும் முன் மட்டைகளை எண்ணுவது ஆட்டக்காரருக்கும் கேடிக்கும் பொதுவான கடமை.

லிவ் பற்றி: 2022இல் சவூதி அரேபிய முதலீட்டு நிதியின் பணத்துடன் அது தொடங்கியபோது மூன்றே சுற்று, 54 குழிகள், பாதியில் எவரையும் வெளியேற்றும் ‘கட்’ இல்லை. நம் அனிர்பன் லாஹிரியும் அதில் சேர்ந்தார். வீரர்கள் தங்கள் உழைப்புக்கு நல்ல விலை கேட்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ‘கட்’ இல்லாத போட்டியில் எனக்கு மனம் ஒட்டவில்லை. மாஸ்டர்ஸில் இரண்டு நாள் முடிவில் முதல் ஐம்பது இடங்களுக்குள்ளும், அமெரிக்க ஓபனில் அறுபதுக்குள்ளும் வருபவர்கள்தான் தொடர்ந்து ஆடலாம். வெள்ளிக்கிழமை மாலையில், வெல்ல வாய்ப்பே இல்லாத ஒருவர், சனிக்கிழமையும் ஆட வேண்டும் என்ற ஒரே எண்ணத்துடன் நான்கடிப் பந்தின் முன் குனிந்து நிற்பாரே, அந்தக் காட்சியில் இந்தத் தொழிலின் முழுக் கனமும் தெரியும். நான்கு பெரும் போட்டிகளிலும் லிவ், பிஜிஏ டூர் என்ற இரு தரப்பினரும் சந்திக்கிறார்கள் என்பது ஓர் ஆறுதல். 2024 அமெரிக்க ஓபனில் லிவ் வீரர் பிரைசன் டிஷாம்போ, மெக்கில்ராயை ஒரே ஸ்ட்ரோக்கில் வென்றதைப் போன்ற மாலைப்பொழுதுகள் அதனால்தான் நமக்குக் கிடைக்கின்றன.

மூணாற்றிலிருந்து ஒரு தாய்: என் மகனுக்கு வயது பதினாறு. எஸ்டேட் லயத்தில் இருக்கிறோம். விடுமுறை நாள்களில் பை சுமக்கப் போகிறான். ஆடவந்த ஒருவர் பழைய 7 அயர்ன் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். நாள் முழுவதும் அதையே வீசிக்கொண்டிருக்கிறான். ஒரே மட்டையை வைத்துக்கொண்டு என்ன கற்க முடியும், ஐயா?

ஸ்பெயின் நாட்டின் பெட்ரேன்யா என்ற கடலோரச் சிற்றூரில், பை சுமந்துகொண்டிருந்த ஒரு சிறுவனிடம் 3 அயர்ன் ஒன்றுதான் இருந்தது. மைதானத்தில் ஆட அனுமதி இல்லாததால் கடற்கரை மணலில் ஆடினான். உயரமாகவும் தாழ்வாகவும், மணலிலிருந்து மெதுவாக எடுத்தும், வளைத்தும், எல்லாவற்றையும் அந்த ஒரே மட்டையால் செய்யப் பழகினான். அவர்தான் செவ்வே பாய்ஸ்டெரோஸ்; மூன்று ஓபன்களையும் இரண்டு மாஸ்டர்ஸையும் வென்றவர்.

நம் நாட்டிலும் உதாரணங்கள் உண்டு. டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர், 1991இலும் 1993இலும் இந்திய ஓபனை வென்றார். கொல்கத்தாவில் மைதானப் புல்லைப் பராமரித்தவரின் மகனும், தானே பார்த்துப் பார்த்து ஆடக் கற்றவருமான சௌராசியா, 2016, 2017 என்று அடுத்தடுத்து அதே கோப்பையை எடுத்தார். பெங்களூரில் பை சுமந்த முனியப்பா 2009இல் வென்றார். எல்லோருக்கும் இது கிட்டும் என்று நான் சொல்லவில்லை. வழி மிகக் குறுகலானது, பயணச் செலவும் நுழைவுக் கட்டணமும் பலரைப் பாதியில் நிறுத்திவிடும். ஆகவே படிப்பை எக்காரணத்தைக் கொண்டும் விடக் கூடாது என்று அவனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

மட்டையைப் பொறுத்தவரை மூன்றைப் பாருங்கள். பிடி ரப்பர் கெட்டியாகிப் பளபளத்திருந்தால், கை வழுக்காமலிருக்க அவன் இறுக்கிப் பிடிப்பான், அது வீச்சைக் கெடுக்கும், உடனே மாற்றிவிடுங்கள். தலையைப் பிடித்து அசைத்துப் பாருங்கள்; அது ஆட்டம் கண்டால் பசை விட்டுவிட்டது என்று பொருள், ஒட்டிய பிறகே வீச விடுங்கள். கழன்று பறக்கும் தலை ஆளைக் காயப்படுத்தும். முகத்திலுள்ள கோடுகளில் அடைந்திருக்கும் மண்ணைப் பழைய பல் துலக்கியால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பிறகு, முழு வீச்சை ஒதுக்கிவைத்து, முதல் மாதம் முப்பது கெஜத்துக்குள் ஒரு வாளியை வைத்து, அதனருகே பந்தை ஒருமுறை உயரத்திலிருந்தும் ஒருமுறை தரையோடு உருட்டியும் சேர்க்கப் பழகட்டும். பத்தில் ஆறு வாளியிலிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள் நிற்கத் தொடங்கியதும் எனக்கு எழுதுங்கள். அவனுடைய மணிக்கட்டு அளவையும் சேர்த்து அனுப்பினால், என்னிடமுள்ள பழைய வெட்ஜ் ஒன்றின் தண்டை அதற்கேற்ப வெட்டி அனுப்பிவைக்கிறேன்.